புது கூஸ் வாத்து நாலு வருது – பழைய கூட்டத்தோட எப்படிச் சேர்க்கிறது?

பீலிக்கரை (தலவாக்கலை)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால 12 பேர்ச் (3,267 சதுர அடி) சரிவு நிலம் இருக்கு. அதுல இப்ப சீன வாத்து மூணு: ஒரு ஆண், ரெண்டு பெட்டை, எல்லாமே ரெண்டு வயசு தாண்டினது. கூடவே மஸ்கோவித் தாரா நாலு, அதுல ஒன்னு ஆண். நான் வாத்துன்னு சொல்றது கூஸை, தாரான்னா டக். எல்லாம் ஒரே கூட்டுலதான் அடையுது. கூடு 8 அடிக்கு 6 அடி, தகரக் கூரை, சீமெந்துத் தரை. குளிக்கிறதுக்கு 6 அடிக்கு 4 அடியில ஒன்றரை அடி ஆழத்துல ஒரு சீமெந்துத் தொட்டி.

ஜூன் நடுவுல குருநாகல் பக்கமிருந்து எட்டு மாசத்துச் சீன வாத்து நாலு கொண்டு வர்றோம். மூணு பெட்டை, ஒரு ஆண்னு சொல்றாங்க. பார்த்தா எனக்கு வித்தியாசம் தெரியல.

கொஞ்ச நாள் தனியா வைக்கணும்னு தெரியும். எத்தனை நாள், எவ்வளவு தூரத்துல? அதுக்கப்புறம் நேரா விட்டுடலாமா? ரெண்டு ஆணும் ஒத்துப் போகுமா? சூட்டுல வளர்ந்தது இந்த மழையையும் குளிரையும் தாங்குமா? கூட்டைப் பெருசாக்கணுமா, இதுவே போதுமா? தெரிஞ்சவங்க அளவோட சொன்னா நல்லது.


ஊவாக்காத்து (வெலிமடை)

தம்பி, நாள் கணக்குக்கு முன்னால சரிவைப் பாருங்க. "நூறடி தள்ளி வை"ங்கிறதெல்லாம் சமதரைக்குச் சரி. மலையில நூறடி தள்ளி மேல்பக்கம் வச்சீங்கன்னா, ஒரு மழைக்குப் புதுசோட எச்சம் பூராவும் கழுவிக்கிட்டுப் பழசோட தொட்டிக்கு வந்து சேர்ந்துரும். முப்பதடிதான் இடம் இருக்குன்னாலும் பரவாயில்ல, புதுசு கீழ, பழசு மேல. இங்க ஊவாவுல ஜூன் மாசம் காஞ்சு கிடக்கும், காத்து மட்டும்தான். உங்க பக்கம் தென்மேல் பருவப்பெயர்ச்சி உச்சத்துல இருக்கும். அதனால புதுக் கூட்டுக்கு மேல்பக்கமா பிறை மாதிரி வளைச்சு ஒரு கான் வெட்டி, மேல இருந்து வர்ற தண்ணியைப் பக்கவாட்டுல திருப்பி விடுங்க. ஒரு அடி ஆழம் போதும். கூட்டுல இருந்து வெளியேறுற தண்ணி யாரோட பீலிக்கும் கிணத்துக்கும் போகாம இருக்கான்னும் பாருங்க.

நாலு வாத்துக்குத் தனிமைக் கூடு: மழை படாத அடைப்பு 6 அடிக்கு 6 அடி, அதை ஒட்டி 12 அடிக்கு 10 அடியில திறந்த பகுதி. வெல்டட் மெஷ், ஒரு அங்குலக் கண், நாலடி உயரம். கோழி வலை வேணாம், வாத்து மூக்கால இழுத்து இழுத்தே கண்ணைப் பெருசாக்கிரும். திறந்த பகுதிக்கு மேலயும் வலை போடணும். இது முக்கியம், ஏன்னா உங்க மஸ்கோவிப் பெட்டைங்க பறக்கும். புதுசோட தீவனத்தைப் பார்த்ததும் வேலியைத் தாண்டிக் குதிச்சுத் தின்னுட்டு மறுபடி பழைய கூட்டுக்கே வந்துரும், நீங்க முப்பது நாள் கட்டின கட்டெல்லாம் ஒரு நிமிசத்துல போச்சு. ஒரு பக்கச் சிறகோட பெரிய இறகுகளை வெட்டி விட்டாலும், அடுத்த இறகுதிர்ப்புல புது இறகு முளைச்சுரும். வலைதான் நம்பிக்கை. காகத்தையும் மைனாவையும் அதுவே தடுக்கும்.

நாள்: முப்பது. இருபத்தொன்னோட நிறுத்துறவங்க உண்டு, ஆனா மழைக்காலத்துல முப்பதுக்குக் கீழ வராதீங்க. காரணத்தைப் பேராதனைக்காரர் 'புல்லும்நெல்லும்' வந்து சொல்லுவாரு. தினமும் பழசுக்கு முதல்ல தீனி வச்சு முடிச்சுட்டு அப்புறம்தான் புதுசுகிட்ட போகணும். திரும்பி வந்து மேல கூட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் கூடாது. புதுசுக்குன்னு ஒரு சோடி செருப்பு, ஒரு வாளி, ஒரு மண்வெட்டி, எல்லாம் அந்தக் கூட்டு வாசல்லயே இருக்கட்டும். மருந்துத் தண்ணியில காலை முக்குறதை விட செருப்பு மாத்துறது மேல். சேறு கலந்த பிளீச்சுத் தண்ணி ஒன்னுக்கும் உதவாது.

முப்பது நாள் முடிஞ்ச பிறகு நேரா விடாதீங்க. புதுக் கூட்டோட வேலியை மேல நகர்த்தி, பழசோட இடத்தை ஒட்டினாப்புல கொண்டு வாங்க. பார்க்கலாம், கத்தலாம், கடிக்க முடியாது. ரெண்டு பக்கமும் வேலியோரத்துல ஒரே நேரத்துல தீனி வைங்க. மூணு நாலு நாள் கழுத்தைத் தரையோட தரையா நீட்டி சீறிக்கிட்டுத்தான் இருக்கும். பத்துலருந்து பதினாலு நாள்ல அடங்கும். ஆனா நாளை எண்ணாம அடையாளத்தைப் பாருங்க: ரெண்டு கூட்டமும் வேலிக்கு ரெண்டு பக்கமும் படுத்து, ஒன்னுக்கொன்னு முதுகைக் காட்டிக்கிட்டு இறகு கோதுதுன்னா, அப்பதான் பயம் விட்டிருக்கு. ஆண் இன்னும் வேலிக் கம்பியைக் கடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் நடந்தா நேரம் வரல.

யாருக்கும் சொந்தமில்லாத இடத்துல சேர்க்கணும்னு சொல்லுவாங்க. 12 பேர்ச்சுல அப்படி ஒரு இடம் ஏது? அதுக்குப் பதிலா, சேர்க்கிறதுக்கு முந்தின நாலஞ்சு நாள், காலையில பழசை அடைச்சு வச்சுட்டு புதுசை நிலம் பூராவும் மேய விடுங்க. மத்தியானம் மாத்தி விடுங்க. பழசுக்கு "இது எனக்கு மட்டும்"ங்கிற எண்ணம் கொஞ்சம் தளரும். புதுசுக்கு எங்க ஓடினா தப்பலாம்னு வழி தெரிஞ்சிருக்கும். இந்த ரெண்டாவதுதான் பெரிய விசயம். வழி தெரியாத வாத்து மூலையில போய் மாட்டிக்கும், அடி வாங்குறது அங்கதான். வேலி மூலைகள்ல ஒரு பலகையைச் சாய்ச்சுக் கட்டி வளைவாக்கிருங்க. நடுவுல ரெண்டு மூணு இடத்துல தகரத் துண்டையோ உரச் சாக்கையோ நிறுத்தி மறைப்பு கட்டுங்க. துரத்துற வாத்து, துரத்தப்படுறது கண்ணை விட்டு மறைஞ்சதும் பெரும்பாலும் நின்னுரும்.

சேர்க்கிற அன்னிக்கு மழை இல்லாத காலை வேணும், நீங்க நாள் பூரா வீட்டுல இருக்கணும். புதுசை முதல்ல விடுங்க, அரை மணி நேரம் கழிச்சுப் பழசு. ஏழு வாத்துக்குத் தீனித் தட்டு அஞ்சு, தண்ணி மூணு இடத்துல, ஒவ்வொன்னும் பத்தடி தள்ளி. ஒரே தட்டு வச்சா பழைய ஆண் அதுக்கு மேலயே நின்னு காவல் காக்கும், புதுசு ரெண்டு நாள்ல இளைச்சுரும். தொட்டியை முதல் மூணு நாள் பலகை போட்டு மூடிடுங்க. தண்ணிக்குள்ள சண்டை வந்தா மேல இருக்கிறது கீழ இருக்கிறதோட கழுத்தைப் பிடிச்சு அமுக்கும், ஒன்றரை அடி ஆழமே அதுக்குப் போதும். மறுபடி திறக்கும்போது ரெண்டு எதிர்ப்பக்கத்துலயும் ஏறி வெளிய வர கல் அடுக்கி வைங்க.

எது சண்டை, எது சும்மா: அஞ்சாறு எட்டுத் துரத்திட்டு நிக்கிறது, திரும்பிப் போய்த் தன் பெட்டைங்ககிட்ட கழுத்தை நீட்டிக் கத்துறது, இதெல்லாம் நடக்கட்டும். அது வெற்றியைச் சொல்லிக் காட்டுது, அவ்வளவுதான். நெஞ்சோட நெஞ்சு மோதி, கழுத்தடியைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு சிறகு மொளியால அடிச்சா, ஒரு நிமிசம் பார்த்துட்டுப் பிரிச்சுருங்க. கையை விடாதீங்க, நடுவுல ஒரு பலகையைச் செருகுங்க. ரத்தம் வந்தாலும், ஒன்னு படுத்துக்கிட்டு எந்திரிக்காம அடி வாங்கினாலும் உடனே பிரிக்கணும். பிரிச்சா அடி வாங்கினதை எடுத்துட்டுப் போகாதீங்க. அது ரெண்டு நாள் கழிச்சு வந்தா மறுபடி புதுசாத்தான் கணக்கு, திரும்ப முதல்லருந்து. அடிச்சதை எடுத்து, மத்தவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி ரெண்டு மூணு நாள் அடைச்சு வைங்க.

கூடு பத்தாது. வாத்துக்குத் தலா எட்டு சதுர அடி, மஸ்கோவிக்கு நாலுன்னு வச்சா, ஏழும் நாலும் சேர்ந்து 72 சதுர அடி வேணும். உங்ககிட்ட இருக்கிறது 48. மஸ்கோவியை வேற கூட்டுக்கு மாத்துங்க, அது தரையை விட ஒன்றரை அடி உயரத்துல கட்டை போட்டா ஏறி உக்காரும். அப்பவும் வாத்துக்கு எட்டு சதுர அடி குறையும், ஒரு பக்கத்தை ஒன்றரை அடி நீட்டிருங்க.


மூடுபனி (நானுஓயா)

ஊவாக்காத்து அக்கா சொன்னதுல முக்கால்வாசி சரி. ரெண்டாவது ஆணை எடுக்கிறதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல.

12 பேர்ச்னா 3,267 சதுர அடி. அதுல கூடு, தொட்டி, கான், மரக்கறிப் பாத்தியெல்லாம் கழிச்சா ரெண்டு ஆண் ஆளுக்கொரு எல்லை பிடிச்சு வாழ இடம் இல்ல. ஆண் பெட்டைக் கணக்கும் அதைக் கேட்கல. சீன வகையில ஒரு ஆணுக்கு நாலுலருந்து ஆறு பெட்டை வரைக்கும் தாராளமா வைக்கலாம். உங்ககிட்ட ஏற்கனவே ஒன்னு இருக்கு, புதுசுல மூணு பெட்டை வந்தா மொத்தம் அஞ்சு பெட்டை. கச்சிதம். அந்த நாலாவதை வாங்கவே வேணாம், இல்ல நாலும் பெட்டையாக் கேளுங்க.

இப்ப எட்டு மாசத்துல அது பணிஞ்சுதான் போகும், "பாருங்க எவ்வளவு ஒத்துமை"ன்னு தோணும். ஒரு வயசு நெருங்கி இனப்பெருக்கக் காலம் வரும்போதுதான் சண்டையே. சேர்த்து அஞ்சு மாசம் கழிச்சு ரத்தம் வர்றதுக்குக் காரணம் சேர்த்த முறை இல்ல, கணக்குத்தான்.

ஆண் பெட்டை பார்க்கிறது: மூக்குக் குமிழை மட்டும் நம்பாதீங்க. வளர்ந்த ஆணுக்குக் குமிழ் பெருசு, உண்மை. ஆனா எட்டு மாசத்துல நல்லாத் தின்ன பெட்டைக்கும் தின்னாத ஆணுக்கும் ஒரே அளவுல இருக்கும். குரல் உதவும். பயமுறுத்திப் பாருங்க: ஆண் கீச்சுன்னு உயர்ந்த குரல்ல கத்தும், பெட்டை கரகரன்னு அடிக்குரல்ல. உறுதியா வேணும்னா கழிவுத்துளையைப் பிரிச்சுப் பார்க்கணும். அதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும். பழகாத கை அழுத்தினா உள்ள காயமாகும். வாங்குற இடத்துலயே விக்கிறவரைப் பார்த்துக் காட்டச் சொல்லுங்க, காட்டமாட்டேன்னா அவருக்கே தெரியாதுன்னு அர்த்தம்.

குளிர் பத்திக் கவலை வேணாம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி உறைபனியையே உலர்ந்த வாத்து தாங்கும். சூட்டை விட குளிர் அதுக்கு லேசு. கொல்றது ஈரம்தான், அதுலயும் சேறு. இறகுல எண்ணெய் தடவிக் கோதுறதுக்கு அதுக்குச் சுத்தமான தண்ணி வேணும். தனிமைக் கூட்டுல குடிக்க மட்டும் தண்ணி வச்சு, முப்பது நாள் சேத்துல நிக்க விட்டா இறகுல தண்ணி ஒட்டாத தன்மை போயிரும். அப்புறம் மழையில நனைஞ்சா தோல் வரைக்கும் நனையும், ராத்திரி விறைச்சுரும். அதனால தனிமைக் கூட்டுக்குள்ள தலை பூரா முங்குற அளவு ஒரு பேசினும், வாரத்துக்கு ரெண்டு தரம் முழுசாக் குளிக்க ஒரு பெரிய தொட்டியும் கொடுங்க. மழை விட்ட நேரமாப் பார்த்து, மத்தியானத்துக்கு முன்னால. முதுகுல தண்ணி தெளிச்சுப் பாருங்க, முத்து முத்தா உருண்டா நல்லது, உள்ள இறங்கினா கவனிக்கணும்.

தரைக்கு: தண்ணிப் பாத்திரத்தைச் சுத்தி நாலடிக்குச் சல்லிக்கல் நாலு அங்குலம் கொட்டுங்க. சேறு எப்பவும் அங்கதான் தொடங்கும். அடைப்புக்குள்ள காய்ஞ்ச மானாப்புல்லை அடியில போட்டு, மேல மரச் சீவல். மரத்தூள் வேணாம், ஈரத்துல அது கட்டியாகிப் பூசணம் பிடிக்கும். உள்ள குனிஞ்சு நின்னா கண்ணு எரியுதா? அப்ப சீவல் மாத்தணும், காத்துப் போக மேல்பக்கம் ஒரு சாண் இடைவெளியும் விடணும். காத்து வாத்துக்கு மேலால போகணும், மேல படக் கூடாது.


புல்லும்நெல்லும் (பேராதனை)

முப்பது நாள் ஏன் என்று கேட்டால், ஒவ்வொரு நோயும் தன்னைக் காட்ட எடுக்கும் காலம் வேறு வேறு என்பதுதான் காரணம்.

வாத்துக் கொள்ளை நோய் (டக் பிளேக்) எனப்படும் வைரசு நோய் தொற்றிய 3 முதல் 7 நாளில் வெளிப்படும். பார்த்தால் ஒரு வாரம் போதும் போலத் தோன்றும். ஆனால் அந்த நோயிலிருந்து தப்பிய பறவை நீண்ட காலம் வைரசைச் சுமந்துகொண்டு நலமாகவே தெரியும். பயணம், இடமாற்றம், தீவன மாற்றம் போன்ற அழுத்தங்கள் வரும்போது மறுபடி எச்சத்தில் வெளியேற்றத் தொடங்கும். நீங்கள் வைத்திருக்கும் மஸ்கோவி இனம் இந்த நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது. புதிய வாத்து ஆரோக்கியமாக நிற்க, பழைய தாரா செத்து விழுவது இப்படித்தான். திடீர்ச் சாவு, வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருத்தல், தண்ணீர்ப் பேதி, மூக்கிலோ பின்பக்கத்திலோ இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் செத்த பறவையை நீங்களே அறுத்துப் பார்க்காமல் பையில் கட்டி, உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

மழைநாட்டில் அதைவிட அடிக்கடி வருவது புழு. வாத்தின் இரைப்பைத் தோலுக்கு அடியில் வாழும் உருண்டைப் புழு ஒன்று உண்டு. நத்தையோ மண்புழுவோ இடையில் தேவையில்லை. எச்சத்தில் விழும் முட்டை ஈரப் புல்லில் பொரித்து, புல்லோடு அடுத்த வாத்துக்குள் போகிறது. உள்ளே போனபின் முட்டை இடும் பருவத்துக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே வந்த முதல் வாரத்தில் எச்சத்தைச் சோதித்து "புழு இல்லை" என்று வந்தால் அது பாதி உண்மை. ஐந்தாம் நாள் அளவில் ஒரு தடவையும் நான்காவது வாரத்தில் ஒரு தடவையும் சோதியுங்கள். காலையில் இட்ட புதிய எச்சத்தில் நாலு பறவையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக, மூடியுள்ள சுத்தமான போத்தலில் எடுத்து, அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைக்கலாம், உறைய விடக் கூடாது. புழுமருந்தின் பெயரையும் அளவையும் வைத்தியரிடமே கேளுங்கள், எடையைப் பொறுத்து அது மாறும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், பலர் கேட்க மறப்பது அதைத்தான். மருந்து கொடுத்த பிறகு மூன்று நாள் விழும் எச்சத்தை அள்ளிக் குழியில் போடுங்கள், மரக்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

இறகுப் பேனுக்கும் உண்ணிக்கும் சிறகின் அடியையும் பின்துளையைச் சுற்றியும் பிரித்துப் பாருங்கள். அங்கே இறகின் அடி கறுத்து அழுக்குப் படிந்ததுபோல இருந்தால் உண்ணி.

வந்து இறங்கும் நாளில் முதலில் தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்துப் புல், மாலையில்தான் தானியம். விற்பவர் என்ன தீவனம் கொடுத்தார் என்று கேட்டு அதில் இரண்டு கிலோ வாங்கி வாருங்கள். முதல் இரண்டு நாள் அதை மட்டும், பிறகு ஒரு வாரத்தில் படிப்படியாக உங்களுடையதற்கு மாற்றுங்கள். திடீரென மாற்றினால் வரும் பேதியை நோயென்று நினைத்துக் குழம்ப வேண்டியிருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். அதில் முட்டை ஓட்டுக்கென்று சேர்க்கும் சுண்ணாம்புச் சத்து, முட்டையிடாத இளம் பெட்டைக்கும் ஆணுக்கும் நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிப்பித் தூளைத் தனிப் பாத்திரத்தில் வைத்தால் தேவையானது வந்து தின்னும். இரை அரைக்கப் பருமணல் வேண்டும், அது வேறு, சிப்பித் தூள் அதற்கு ஈடாகாது. தேங்காய்ப் புண்ணாக்கையும் சோளத்தையும் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். பூசணம் பிடித்ததில் உருவாகும் நஞ்சுக்கு நீர்ப்பறவைகள் கோழியை விட விரைவில் பலியாகும், வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

மேய்ச்சல் பற்றி ஒரு கணக்கு. நல்ல புல்தரையில் ஏக்கருக்கு 20 முதல் 40 வாத்து என்பது வழக்கமான அளவு. ஏக்கர் 160 பேர்ச். அதாவது ஒரு வாத்துக்கு 4 முதல் 8 பேர்ச். உங்கள் 12 பேர்ச் இப்போதுள்ள மூன்றுக்கே சரியாக இருக்கிறது. ஏழாகும்போது ஒரு மாதத்தில் புல் போய் மண் தெரியும், சரிவில் அந்த மண் மழையோடு இறங்கும். எனவே அறுத்துப் போடும் புல்லுக்கு இப்போதே வழி பாருங்கள். வாத்து ஒன்றுக்கு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ பச்சைப் புல், அதோடு 120 முதல் 150 கிராம் தானியத் தீவனம். கினியாப் புல் முற்றியதாக இருந்தால் இரண்டு அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும், நீளமாக விழுங்கினால் தொண்டைக்குக் கீழே திரண்டு அடைத்துக்கொள்ளும். தேயிலை மலையில் களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லை, அது பச்சையாகத் தெரிந்தாலும், அறுக்காதீர்கள்.


பீலிக்கரை (தலவாக்கலை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆண் வேணாம்னு சொல்லிட்டேன், நாலும் பெட்டையாத் தர்றதாச் சொல்றாங்க, மூடுபனி அண்ணன் சொன்ன மாதிரி காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் எடுப்போம். கீழ்ப்பக்கம் தேயிலையை ஒட்டி ஒரு மட்டம் இருக்கு, தனிமைக் கூட்டை அங்க கட்டுறோம்.

இன்னும் மூணு கேள்வி. கோழிக்குச் செய்யுற மாதிரி ராத்திரி இருட்டுல கொண்டுபோய்க் கூட்டுக்குள்ள விட்டா, காலையில எந்திரிச்சு ஒன்னாப் போயிராதா? அடுத்தது, பக்கத்துத் தோட்டத்துல லீக்ஸ் தாள், கோவா (முட்டைக்கோஸ்) வெளி இலை, கரட் தழை, உருளைக்கிழங்குச் செடி எல்லாம் சும்மா கிடைக்கும், போடலாமா? மூணாவது, எங்க மஸ்கோவி ஆண் புதுப் பெட்டைங்களைத் தொந்தரவு பண்ணுமா?


ஊவாக்காத்து (வெலிமடை)

ராத்திரி விடுற வேலை வாத்துக்கிட்ட செல்லாது தம்பி. கோழி இருட்டுனா கட்டையில உறைஞ்சு போய் உக்காந்துரும். வாத்து ராத்திரியிலயும் முழிச்சுக் காவல் காக்கிற இனம், அதுக்குத்தானே பாதிப்பேர் வளர்க்கிறதே. 48 சதுர அடி இருட்டுக்குள்ள அந்நிய வாத்து நாலு வந்தா, ஓட வழி இல்லாம அங்கயே அடி விழும். பகல்ல ஒன்னா மேய்ஞ்சாலும் முதல் ரெண்டு வாரம் ராத்திரி தனித்தனியா அடைங்க. பெரிய கூட்டுக்கு நடுவுல மெஷ் தடுப்பு போட்டு ரெண்டு பக்கமா அடைச்சா இன்னும் நல்லது, வாசலும் ரெண்டா வைங்க. சாயங்காலம் தடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிப் படுக்கத் தொடங்கினா எடுத்துடலாம்.

இன்னொன்னு. நாலும் பெட்டைன்னதும் ஆண் பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைக்காதீங்க. உங்க பழைய பெட்டை ரெண்டும்தான் இனி வேலையைக் காட்டும். ஆண் புதுசுங்களைச் சீக்கிரம் ஏத்துக்கும், பெட்டைங்க மாசக் கணக்கா தள்ளியே வைக்கும். ஏழும் ஒட்டி உறவாடணும்னு எதிர்பார்க்க வேணாம். மூணு தனியா, நாலு தனியா, ஒரே நிலத்துல சண்டையில்லாம மேய்ஞ்சா அதுவே சேர்ந்தது மாதிரிதான். முட்டை இடுற காலம் வரும்போது முட்டைப் பெட்டியைப் பெட்டை ரெண்டுக்கு ஒன்னுன்னு மூணு வைங்க, 2 அடிக்கு 2 அடி, ஒன்னுலருந்து பார்த்தா இன்னொன்னு தெரியாத மாதிரி.


புல்லும்நெல்லும் (பேராதனை)

லீக்ஸ் தாள் வேண்டவே வேண்டாம். வெங்காயக் குடும்பம் முழுவதுமே வாத்தின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயத் தாள் தின்ற வெள்ளைச் சீன வாத்துகள் அப்படிச் செத்தது பதிவாகியிருக்கிறது. உருளைக்கிழங்குச் செடியும் பச்சை பிடித்த கிழங்கும் நஞ்சு. கரட் தழை நல்லது. கோவா இலையும் தின்னும், ஆனால் வெளி இலையில்தான் பூச்சிமருந்து தங்கும். கடைசியாக எப்போது மருந்து அடித்தது என்று தோட்டக்காரரிடம் கேட்டு, மருந்துப் போத்தலில் அறுவடைக்கு முன் விடச் சொல்லியிருக்கும் நாட்கள் கழிந்திருந்தால் மட்டும் போடுங்கள். வேலியோரத்தில் உண்ணிச்செடியோ, வெள்ளையாகத் தொங்கும் எக்காளப் பூச்செடியோ இருந்தால் வாத்து வரும் முன்பே வெட்டி அகற்றுங்கள். புல் தீர்ந்த இடத்தில் பசித்த வாத்து எதையும் கடித்துப் பார்க்கும்.


மூடுபனி (நானுஓயா)

மஸ்கோவி ஆண் கண்டிப்பா ஏறிப் பார்க்கும். பெரிய வாத்து அதை உதறித் தள்ளிரும், அதுக்கு ஆபத்து கம்மி. ஆபத்து தலைகீழா: உங்க வாத்து ஆண் தாராப் பெட்டை மேல ஏறினா, எடை தாங்காது, அதுலயும் தண்ணிக்குள்ள நடந்தா மூழ்கிரும். இனப்பெருக்கக் காலத்துல தொட்டியை நேரம் பிரிச்சு விடுங்க, காலையில வாத்து, மத்தியானம் தாரா. அப்பவும் ஒரு ஆண் விடாமத் துரத்துதுன்னா அதைத் தனியாத்தான் வைக்கணும்.

கீழ்ப்பக்கம் தேயிலையை ஒட்டின மட்டம்னு சொன்னீங்களே, அங்க ராத்திரி காவல் வேற கணக்கு. நாய் மண்ணைத் தோண்டி உள்ள வரும், அதனால மெஷ்ஷை வேலியடியில வெளிப்பக்கமா ஒன்றரை அடி படுக்க வச்சுக் கல்லேத்துங்க. கீரி சின்ன ஓட்டையிலயும் நுழையும். சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டம்னா மேல வலை மட்டும் போதாது. ராத்திரி நாலையும் அந்த 6 அடி அடைப்புக்குள்ள விட்டு, தகரமோ பலகையோ போட்ட கதவை மூடி, கொண்டி ரெண்டு, மேல ஒன்னு கீழ ஒன்னு. ஒரே கொண்டி நடுவுல இருந்தா கீழ் மூலையைத் தள்ளித் திறந்துரும். கூடு கட்டி முடிச்சதும் ராத்திரி உள்ள ஒரு டோர்ச்சை எரிய விட்டு வெளிய நின்னு பாருங்க, வெளிச்சம் கசியுற இடமெல்லாம் அடைக்கணும், மேல காத்துக்கு விட்ட அந்த ஒரு சாண் தவிர. அதுக்கு மெஷ் அடிச்சிருங்க.